திண்ணையைக் கட்டிட்டு, எவன் குந்தினான்னு கேட்டா எப்படி தம்பி?

ஏம்பா, மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுகினு கீற? புது ஸ்பீக்கரு வாங்கின, பாட்டு போட்ட, நல்லாத்தான் கீது. போனை சட்டைப் பையில வெச்சிகினு ஸ்டேஷன் ரோட்டுக்கு டீ குடிக்கப் போன. நீ தெருமுனை தாண்டறதுக்குள்ள உன் வீட்ல எவனோ கானா போட்டுட்டான். பூஜை ரூம்ல இருந்த உங்கம்மா பதறிப்போயி வாசலுக்கு வந்துட்டாங்க. அதுக்கு இன்னா இப்போ? பைசா செலவில்லாம கச்சேரி! ஆவடில இருந்து திருவள்ளூர் வரைக்கும் எலக்ட்ரிக் ட்ரெயின்ல தினம் இதைத்தானே கேட்டுகினு போற?

சரி, கோவப்படாத. காலம்பூரா மைக்செட் கட்டினவன் நான். கூம்பு ஸ்பீக்கரை வேப்ப மரத்துல ஏத்தின காலத்துல, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல ஒருத்தன் குந்தியிருப்பான். அவனைத் தாண்டித்தான் எவனும் ஒயரைத் தொடணும். உன் ஸ்பீக்கருக்கு அந்த ஆளு இல்ல. கண்ணும் இல்ல, நம்பர் தட்ட பட்டனும் இல்ல. யார்ரா நீன்னு கேக்கவே அதுக்கு வழி கிடையாது.

முன்ன எல்லாம் 0000 இல்லாட்டி 1234 அடிச்சாத்தான் சேரும். ஊருக்கே தெரிஞ்ச நம்பரு, அது ரகசியமாம்! 2007ல ப்ளூடூத் 2.1னு ஒண்ணு வந்துச்சு. ரெண்டு பக்கமும் திரை இருந்தா ஆறு இலக்கம் காட்டி, ரெண்டும் ஒண்ணான்னு கேக்கும். கார்ல பார்த்திருப்ப. திரையே இல்லாத சாமானுக்கு மட்டும் இன்னொரு வழி வெச்சாங்க. அதுக்குப் பேரு ஜஸ்ட் ஒர்க்ஸ். ஒண்ணும் கேக்காம சேத்துக்கும். உன்னுது அந்த ஜாதி. தெருவைப் பார்த்துத் திண்ணை கட்டி வெச்சிட்டு, வழிப்போக்கன் குந்திட்டான்னு அழுவுற நீ.

எவன்னு தேடாத. இந்த மாதிரி சாமானு சாதாரணமா பத்து மீட்டர் எட்டும். நம்மூர்ல இப்ப ஒரு மனையில நாலு வீடு கட்டி நிக்குது. மாடி வீட்டுப் பொண்ணா இருக்கலாம், காக்களூர் எஸ்டேட்ல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்துகினு இருக்கிற பின்வீட்டுப் பையனா இருக்கலாம். தப்பு நினைக்காத, அவன் தேடி வந்து கைப்பத்தல. அவன் போனே தானா வந்து ஒட்டிகிச்சு. ஏன்னு கேளு. வீடு குடிபுகுந்த அன்னைக்கு, "வாடா, உன் போன்ல ஒரு பாட்டு போடு"ன்னு தெருவுல பாதிப் பேரைக் கூப்பிட்டது யாரு? நீதானே? அப்ப சேந்த ஒவ்வொரு போனுக்கும் ஸ்பீக்கர் ஒரு சாவி எழுதி, பத்திரமா வெச்சிகினு கீது. நீ பிரியாணி போட்டு அனுப்பி வெச்சிட்ட, அது அவங்களை இன்னும் அனுப்பல. உன் போனு தெருமுனைக்குப் போனதும், "ஆளு காலி"ன்னு அடுத்தவனுக்கு இடம் குடுக்குது.

அதனால உன் போன்ல பேரை அழிச்சா ஒண்ணும் ஆவாது. அழிக்க வேண்டிய கணக்கு ஸ்பீக்கருக்குள்ள கீது. ப்ளூடூத் பட்டனையோ, ரெண்டு பட்டனை சேத்தோ, அஞ்சு பத்து செகண்டு அழுத்திப் பிடிச்சா பெரும்பாலான ஸ்பீக்கர் எல்லாத்தையும் மறந்துடும். எந்தப் பட்டன்னு டப்பாவோட வந்த காயிதத்துல போட்டிருப்பான். அந்தக் காயிதத்தைத்தான் நீ அன்னைக்கே பஜ்ஜி எண்ணெய் ஒத்தி எடுத்துட்ட.

பேரை மாத்தினா போதும்னு எவனாவது சொல்லுவான். மாத்து. "ஆவடி போலீஸ்"னு வெய்யி. பார்த்துட்டு சிரிச்சிகினே சேருவான். பேரு பலகைதான், காவல் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீ பொறந்த நின்றவூர்லயே இதுக்கு வழி கீதுப்பா. இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போய் தேங்காய் ஒடைக்கிறியே, அந்தக் கோயில் கதையில வர்ற பூசலார் இன்னா பண்ணாருன்னு யோசிச்சிகிறியா? கையில துட்டு இல்ல. மனசுக்குள்ளயே அஸ்திவாரம் போட்டு, விமானம் எழுப்பி, கிணறு வெட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறிச்சிட்டாரு. காஞ்சிபுரத்துல கல்லால பெருங்கோயில் கட்டின பல்லவ ராஜாவும் அதே நாளைக் குறிச்சான். கனவுல சாமி வந்து, "அன்னைக்கு எனக்கு நின்றவூர்ல வேலை இருக்கு, நீ வேற நாள் பாரு"ன்னுட்டாரு. ராஜா பரிவாரத்தோட வந்து ஊரெல்லாம் விசாரிக்கிறான், ஒருத்தனுக்கும் கோயில் தெரியல. சேக்கிழார் பெரியபுராணத்துல எழுதின சங்கதி இது. ராஜாவே தேடியும் தட்டுப்படாத கோயிலுக்குள்ள, உரியவர் மட்டும் அட்ரஸ் கேக்காம வந்து குந்திட்டாரு பாரு!

ப்ளூடூத்லயும் அது ரெண்டும் வேற வேற. ஊருக்குத் தட்டுப்படறது ஒண்ணு, தெரிஞ்சவனை உள்ள சேக்கிறது ஒண்ணு. முதல்லதை அணைச்சு ரெண்டாவதை மட்டும் வுட்டு வெச்சா, புதுசா தேடறவன் கண்ணுக்கு ஸ்பீக்கரே இருக்காது. உன் போன் மட்டும் நேரா சேரும். காது கேக்கிற மெஷின்ல ப்ளூடூத் வந்துகீது பாரு, அதுல பல மெஷின் போட்டதும் சில நிமிஷம்தான் புது போனைத் தேடும், அப்புறம் ஒளிஞ்சிக்கும். கெழவன் காதுல எவனும் கானா போடக்கூடாதுன்னு யோசிச்ச மகராசன் ஒருத்தன் இருந்திருக்கான். ஸ்பீக்கர் பண்ணவன் அவ்ளோ தூரம் யோசிக்கல. கரெண்டு வந்தாலே கடை விரிச்சிடும். கம்பெனி ஆப் இருந்தா அதுல தேடிப் பாரு, சிலதுல இதை அணைக்க வழி இருக்கும். இல்லாட்டி, தனியா பட்டன் அழுத்தினாத்தான் புது போனை சேக்கிற மாதிரி ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கியிருக்கணும். நீதான் லைட்டு மின்னுதுன்னு வாங்கின.

அதே நேரம், கேள்வி கேக்கிற சாமான் இருந்தா மட்டும் நாம ஒழுங்கா பதில் சொல்லிடப் போறமா? 2004ல கேபிர்னு ஒரு கிருமி, நோக்கியா போன்ல ப்ளூடூத் வழியா பரவிச்சு. "வாங்கிக்கலாமா"ன்னு கேட்டுத்தான் உள்ள வரும். இல்லைன்னு அழுத்தினா மறுபடி கேக்கும், மறுபடி கேக்கும். தொல்லை தாங்காம ஜனங்க சரின்னு அழுத்திட்டாங்க. 2005ல ஹெல்சிங்கி ஓட்டப் பந்தய மைதானத்துலயே பரவிச்சு. நோக்கியாவோட சொந்த நாட்டுலயேப்பா! பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்ல அந்தக் கம்பெனி 2006ல ஆலை தொறந்து, எத்தனையோ பொண்ணுங்க வேலைக்குப் போயி, 2014ல மூடிட்டுப் போனது வேற கதை. அதைப் பேசினா உன் டீ ஆறிடும்.

நீ பண்ண வேண்டியது இதுதான். வெளிய போறப்போ ஸ்பீக்கரை நிறுத்திட்டுப் போ. உங்கம்மா பாட்டு கேக்கணும்னா, வீட்லயே கிடக்கிற பழைய போன் ஒண்ணை அதோட சேத்து வுட்டுடு. நிறைய ஸ்பீக்கர் ஒரு ஆளு சேந்துட்டா அடுத்தவனை ஏறெடுத்துப் பாக்காது. ரெண்டு போனை ஒண்ணா சேக்கிற வசதி இருந்தா அதை அணைச்சிடு. ரொம்பத் தொந்தரவுன்னா ஆக்ஸ் ஒயர் ஒண்ணு வாங்கி சொருகு. ஒயர்ல சேரணும்னா அவன் செவுரு ஏறித்தான் குதிக்கணும், சத்தம் கேக்கும்.

எல்லாத்தையும் அழிச்சதும் எந்த போனை முதல்ல சேக்கிறது, எதைக் கடைசில சேக்கிறதுன்னு யோசிச்சு வெச்சிக்க. கரெண்டு போய் வந்தா பெரும்பாலும் கடைசியா சேந்த போனைத்தான் அது முதல்ல தேடும். நீயா, உன் வீட்டுக்காரியா? அதுக்கு எந்த ஸ்பீக்கர்லயும் பட்டன் கிடையாது. என்னைக் கேக்காத, நான் கெளம்பறேன்.