கரடிப் படம் போட்ட தூள்

குறிஞ்சாக்கேணியில் பிள்ளை பிறந்தால் முதல் சந்தோசம் கடைக்காரருக்குத்தான். பிள்ளையின் துணி துவைக்க வேண்டுமே! கிணற்றுத் தண்ணியில் கல்சியமும் மக்னீசியமும் கூடினால் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைப் படிவாகத் துணியில் ஒட்டும். சலவைத்தூளுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சரியாக அலசாவிட்டால் பிஞ்சுத் தோல் எரியும். வாசனையில்லாத தூள், இன்னொரு தரம் அலசல், நல்ல வெயில்: அவ்வளவுதான் சங்கதி. வாப்பா விடுவாரா? ரோசா மணத்தில் ஒன்று, கரடிப் படம் போட்டது ஒன்று, துணி அலசப் போத்தல் தண்ணி வேறு!

“அதில கொஞ்சம் பிள்ளைக்கும் பருக்குங்க மகள்” என்கிறா மூத்தம்மா. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடைசியில் அந்தத் தண்ணியில் வாப்பாவே தேத்தண்ணி போட்டுக் குடித்தார். சாயம் நன்றாகத்தான் இறங்கியதாம்.