பெட்டிப்புற ஓவியவியல்: திருமய மரபை முன்வைத்துச் சில கருதுகோள்கள்

கோயில் சுவரோவியத்துக்குத் தமிழில் ஆய்வு உண்டு. கோலத்துக்கு உண்டு. லாரியின் பின்பலகையில் எழுதும் வாசகத்துக்குக்கூட ஆள் இருக்கிறது. ஆனால் வீட்டிலேயே ஆசாரியை வைத்துச் செய்த வீடியோ கேம் பெட்டியின் பக்கவாட்டில் என்ன படம் ஒட்டுவது, அதைச் சுருக்கம் விழாமல் எப்படி ஒட்டுவது என்பதை அறிஞர் உலகம் இன்றுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தப் பழியைத் துடைக்கவே இக்கட்டுரை.

ஆய்வுப்பொருள், திருமயத்தில் ஒரு வீட்டு மாடியறையில் நிற்கும் ஐந்தரை அடி உயரப் பெட்டி. 18 மி.மீ. பிளைவுட். உள்ளே பழைய மானிட்டர், ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கைக் கணினி, இரண்டு ஜாய்ஸ்டிக். இவை மின்பொறியாளர் பாடு. வெளியே ஒட்டப்படுவதுதான் பண்பாடு என்பதால் நம் ஆய்வு பிளைவுட்டைத் தாண்டி உள்ளே போகாது.

பெட்டியின் மேலுள்ள படத்துக்கும் உள்ளே ஓடும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கத் தேவையில்லை என்பது முதற் கருதுகோள். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில், திரையில் இறங்கி வருபவை நண்டு, கணவாய் சாயலில் சில புள்ளிக்கூட்டங்கள், அவ்வளவே. அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் விற்ற பெட்டியின் பக்கத்திலோ உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த பெரும்பூதங்கள். கடைசிவரை ஆடினாலும் அந்தப் பூதம் திரையில் தலைகாட்டுவதில்லை. இரண்டு வருடம் கழித்து வந்த பேக்-மேனுக்கும் இதே கதைதான். திரையில் வாய் மட்டுமே உள்ள மஞ்சள் வட்டம், மிட்வே பெட்டியில் கண்ணும் காலும் முளைத்து ஓடியது. (இடைக்குறிப்பு: ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கறுப்பு வெள்ளைத் திரை. அதன்மேல் வண்ணத்தாள் பட்டை ஒட்டித்தான் நிறம் காட்டினார்கள். கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் கலர் கண்ணாடித்தாள் மாட்டி நாம் ஒலியும் ஒளியும் பார்த்ததைக் கேலி செய்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.)

மேலைநாட்டார் இதை விளம்பர மிகை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நமக்கு அது போதாது. கட்டுகிற வீட்டின் முன்னால் மீசை முறுக்கி, நாக்கைத் தொங்கப்போட்டு ஒரு பூதப்படம் தொங்குகிறதே, அந்த வீட்டுக்குக் குடிவரப்போகிறவரின் படமா அது? இல்லை. பார்க்கிறவன் கண்ணைத் தன்மேல் வாங்கிக்கொள்ளத்தான் தொங்குகிறது. ஆகவே மிட்வேயின் ஓவியர் தம்மை அறியாமல் வரைந்தது திருஷ்டிப்படம் என்பதே இவ்வாய்வின் துணிபு. மறுப்போர் எழுத்துபூர்வமாக மறுக்கலாம்.

இந்தத் துணிபின்படி திருமயத்துப் பெட்டிக்குக் காவல் யார்? கேள்வி எழுந்ததுமே விடை வந்துவிட்டது: கோட்டை பைரவர். கோட்டையின் வடபுறம் சாலையைப் பார்த்து நிற்கும் அவரிடம் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் அந்த வழியில் பலரும் போவார்கள். லாரிக்குத் துணை நிற்பவர் ஜாய்ஸ்டிக்குக்கு நிற்கமாட்டாரா என்பது இளைஞர் தரப்பு. அப்பத்தா தரப்பு ஒரே வாக்கியம்: "சாமி படத்தை ஒட்டிவச்சிட்டு, தோத்துப்போனா அதுலயே எட்டி உதைப்பீங்களாடா?"

இக்கேள்வியின் ஆய்வு மதிப்பு மிகப் பெரிது. முழங்காலுக்குக் கீழே பெட்டி படும் பாட்டை வேறு எந்தக் கோட்பாடும் இவ்வளவு துல்லியமாகக் கணக்கில் எடுக்கவில்லை. முடிவில் கீழ்ப்பாதிக்குக் கோட்டை மதில் வந்தது. 1687இல் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை, எத்தனையோ உதைகளைப் பார்த்தது. கருங்கல் நிறத்தில் செருப்புத் தடமும் தெரியாது.

அடுத்து அச்சு. இங்கே ஆய்வாளன் ஸ்டிக்கர் கடைக்குப் போயாக வேண்டும். கோரல் டிராவில் கோட்டை கம்பீரமாக இருந்தது, வானம் பளீர் நீலம். அச்சில் வந்த வானம் கத்திரிக்காய் நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால் காட்டுகிறது. திரையின் சில நீலங்கள் மைக்கு எட்டாது. ஆகவே முழுப்படத்துக்கும் பணம் கட்டுமுன் ஒரு சாண் மாதிரி அடித்துப் பார்ப்பது அறிவுடைமை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஐந்தடிக்கு இழுத்தால் மதிலின் ஒவ்வொரு கல்லும் சதுரம் சதுரமாகத் தெரியும் என்பதும் அன்றே நிறுவப்பட்டது. விலை மலிந்த வினைல் சில மாதத்தில் சுருங்கி, ஓரத்தில் பசைக்கோடு தெரியும். அதனால் நான்கு பக்கமும் ஓர் அங்குலம் கூட விட்டு அடித்து, ஒட்டி ஒரு நாள் கழித்து பிளேடால் நறுக்குவதே முறை.

ஒட்டுதலில் இரு சமயங்கள் உண்டு. நீர்ச்சமயத்தார் சோப்புத் தண்ணீர் தெளித்து, படத்தை அதன்மேல் மிதக்கவிட்டு, நகர்த்திச் சரிசெய்து, பிறகு தண்ணீரை ரப்பர் தகட்டால் வழித்துத் தள்ளுவார்கள். சோப்பு இருக்கும்வரை பசை பிடிக்காது என்பதே அவர்களின் ரகசியம். உலர்சமயத்தார் நடுவில் மாஸ்கிங் டேப்பால் படத்தை நிறுத்தி, பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே ஸ்கேலால் தேய்த்து வருவார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் மூடர் என்பர். திருமயத்துக்கு இது புதிதல்ல. ஒரே பாறையில் அருகருகே குடைந்த சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்களின் வழக்கை 1245இல் ஹொய்சாளத் தளபதி ஒருவர் வந்து, வருவாயைப் பங்கிட்டு, நடுவில் சுவர் வைத்துத் தீர்த்தார். அதே நெறியில் நாமும் தீர்ப்புச் சொல்வோம்: சன்மைக்கா ஒட்டிய பலகைக்கு நீர், வெறும் பிளைவுட்டுக்கு உலர். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் பிளைவுட் ஊதிப்போகும். வெறும் பிளைவுட்டில் ஒட்டுவோர் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் இரண்டு கை அடித்தபிறகே தம் வழிபாட்டைத் தொடங்க வேண்டும்.

பழைய ஸ்டிக்கரை உரிக்காமல் அதன்மேலேயே புதியதை ஒட்டலாமா என்று கேட்போர் உளர். மேற்சொன்ன சத்தியகிரீசுவரர் சிவன் கோயில் பாறையில் அந்த வழக்குக்கு முன்பே இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் வழக்குத் தீர்ப்பை வெட்ட இடம் வேண்டி அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிட்டார்கள். இன்று இசையறிஞர்கள் மிச்சத்தை வைத்துத் தவிக்கிறார்கள், குடுமியான்மலைக் கல்வெட்டு முழுசாக இருப்பது ஓர் ஆறுதல். ஆகவே ஹேர் டிரையரால் சூடுகாட்டிப் பழையதை உரித்துவிட்டே புதியதை ஒட்டுக. உரித்ததை ஒரு போட்டோவாவது எடுத்து வைத்துக்கொள்க.

பெட்டியின் நெற்றிப்பலகை தனிச்சாதி. பின்னாலிருந்து விளக்கு எரிவதால், ஒளிபுகும் அக்ரிலிக்கின் பின்பக்கத்தில் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அடிப்பார்கள். முன்புறம் எவ்வளவு தேய்த்துத் துடைத்தாலும் மை போகாது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்கள் இதைக் கையாலேயே செய்தவர்கள்: நகை, கண், புருவம் முதலில், பின்னணி கடைசியில், அனைத்தும் இடவலமாக. எழுத்தைத் திருப்ப மறந்தால் 'கோட்டை' என்று எழுதியது எந்த மொழியிலும் படிக்க முடியாததாகிவிடும். கல்வெட்டியலாரிடம் காட்டிப் பயனில்லை.

கடைசியாகக் குமிழி. எந்தச் சமயத்தார் ஒட்டினாலும் ஒன்றாவது தங்கும். நடுவில் குத்தக்கூடாது. குமிழியின் ஓரத்தில் மெல்லிய ஊசியைச் சாய்த்துக் குத்தி, காற்றைத் துளையை நோக்கி விரலால் ஓட்ட வேண்டும். மேற்படி பெட்டியில் மதிலின் தென்கோடியில் இன்னும் ஒன்று இருக்கிறது, ஊசி தேடிக்கொண்டிருக்கிறோம். பார்க்க வரும் அன்பர்கள் அதை நகத்தால் அழுத்தி உதவ வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.