பாதி முட்டையின் முழு மரியாதை

அவித்த முட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவை எடுத்து மசித்து, உறைப்பும் புளிப்பும் சேர்த்து அதே குழியில் திரும்ப நிரப்பினால் அது டெவல் முட்டை. ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரும் ஒன்றுகூடலுக்கு இதைவிடத் தோதான பண்டம் திருகோணமலையில் இல்லை. காரணம் சுவை அல்ல, கணக்கு. 12 முட்டை அவித்தவர் 24 துண்டுகளோடு வந்து இறங்குகிறார். கோழியிலும் கணவாயிலும் இந்தப் பெருக்கம் வாய்ப்பதில்லை. அவை சட்டியில் சுருங்கத்தான் செய்யும்.

பண்டம் பழையது. 13ஆம் நூற்றாண்டின் அந்தலூசியச் சமையல் நூலொன்றில், மஞ்சள் கருவோடு கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு பிசைந்து நிரப்பும் முறை இருக்கிறது. இத்தகைய உறைப்புப் பண்டங்களுக்குப் பிசாசின் பெயரைச் சூட்டியவர்கள் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர். கடுகும் மிளகும் அவர்களுக்கு அவ்வளவு பயங்கரம். இலங்கையிலோ அதே பெயர் கறிமிளகாய், வெங்காயம், தக்காளி சோஸ், இடித்த செத்தல் மிளகாய் போட்டுப் பிரட்டும் டெவலுக்குப் போய்ச் சேர்ந்தது. பிசாசும் தண்ணீர் கேட்கும் பதம் அது.

சிக்கனம் கடையிலேயே தொடங்குகிறது. 2022 ஓகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாயும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாயும் உச்ச விலை வைத்தது. கழற்றி எறியப்போகும் ஓட்டின் நிறத்துக்கு 2 ரூபாய் என்பது வீண்செலவு. மறுவருடம் தட்டுப்பாடு முற்றி, இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இங்கே வெறுமனே கிடக்க, முட்டைக் கப்பல் கொழும்புக்குப் போனது. அந்த மனத்தாங்கல் தனி.

புது முட்டை இதற்கு ஆகாது. ஒரு வாரம் இருந்த முட்டையின் வெள்ளைக் கருவில் காரத்தன்மை கூடியிருக்கும். தோலோடு ஒட்டாமல் உரியும். கொதிக்கும் நீரில் 10 அல்லது 11 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் போடவேண்டும். கூடுதலாக அவித்தால் கருவிலுள்ள இரும்பும் வெள்ளையிலிருந்து வரும் கந்தகமும் சேர்ந்து பச்சை வளையம் போடும். செலவேயில்லாத நிறம்தான், ஆனால் விருந்தாளிகள் அதை அலங்காரமாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியூர் விருந்தினர் சிலர் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் முட்டை அவியுமா என்று கேட்பதுண்டு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தி உண்டாக்கியதாகச் சொல்லப்படும் அந்த ஏழு கிணறுகளின் சூடு 40 பாகை செல்சியஸை ஒட்டியது. வெள்ளைக் கரு இறுகத் தொடங்கவே 60 பாகைக்கு மேல் வேண்டும். இராவணன் முட்டையை நினைத்துக் குத்தவில்லை.

வெளிநாட்டுச் செய்முறைகள் மயோனைஸ் கேட்கும். அந்தப் போத்தலின் விலையில் இன்னொரு தட்டு முட்டை வாங்கலாம். கிண்ணியாச் சட்டித் தயிரைத் துணியில் கட்டி நீரை வடியவிட்டால் அதே வழுவழுப்பு, கூடவே புளிப்பும் வந்துவிடும். அதோடு அரைத்த கடுகு, இடித்த செத்தல், பொடியாக அரிந்த பச்சைமிளகாய், சில துளி தேசிக்காய்ப் புளி. மேலே மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்தலிக் கருவாடு ஒன்றை நிறுத்தி வைத்தால் துறைமுக ஊரின் முத்திரை விழுந்துவிடும்.

நிறத்துக்குக் கடைச் சாயம் தேவையில்லை. பீட்ரூட் கறிக்கு அவித்த நீரில் சிறிது வினாகிரி விட்டு வெள்ளைகளை அரை மணி நேரம் ஊறவைத்தால் ரோசா நிறம்; இரவு முழுக்க விட்டால் விபத்துப் பிரிவின் நிறம். வேலியில் படரும் சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டால் நீலம். அதிலேயே தேசிக்காய் பிழிந்தால் ஊதா. ஒரே பூவில் இரண்டு நிறம், இரண்டும் இலவசம். நீல முட்டைக்குப் பெரியவர்கள் தயங்குவார்கள், சிறுவர்கள் தயங்கமாட்டார்கள். வல்லாரையை அரைத்துக் கருவில் கலந்தால் பச்சை. பச்சை வளையத்தைக் குறை சொன்னவர்களே இதைப் பாராட்டுவார்கள். மஞ்சள் தூளை மட்டும் விட்டுவிடலாம். இறக்குமதித் தடைக்குப் பிறகு 2020இல் அது கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போய், தமிழ்நாட்டிலிருந்து படகில் கடத்தப்படும் பொருளாகிவிட்டது. மஞ்சள் கருவுக்கு அந்த உதவி எப்போதும் தேவைப்பட்டதுமில்லை.

கடினமான பகுதி கொண்டுபோவதுதான். நிரப்பிய முட்டை முச்சக்கரவண்டியில் ஒருமுறை பிரேக் பிடித்தாலே இடம் மாறும். அதனால் ஒவ்வொரு பாதிக்கும் அடியில் மெல்லிய சீவல் எடுத்து உட்காரவைத்து, கலவையைத் துப்புரவான சொப்பிங் பையில் தனியாகக் கொண்டுபோய், போன இடத்தில் மூலையை வெட்டிப் பிழிவது நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அவ்வளவு நேரம் மிஞ்சுவதும் இல்லை.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஒரே மேசையில் உட்காரும் ஊரில் எந்த இறைச்சி, யார் அறுத்தது என்ற விசாரணை இல்லாமல் எல்லோரும் கை நீட்டக்கூடிய தட்டு இது. மீன் சாப்பிடாதவர்களுக்காக நெத்தலியை மட்டும் தட்டில் பாதிக்குப் போடாமல் விடவேண்டும். விதிவிலக்கு சைவ மாமிமார். முட்டை அடித்த கேக்கை இரண்டாம் முறையும் கேட்டு வாங்குபவர்கள், முட்டையை முட்டையாகக் கண்டால் தட்டைத் தள்ளிவைப்பார்கள். ஒன்றுகூடல் வெள்ளிக்கிழமை என்றால் இதையெல்லாம் மறந்துவிட்டுக் கடலை வடை கொண்டுபோங்கள்.