புகைப்படத்தில் இருந்த பையன்

1988இல் மதுரை புதுமண்டபத்தில் ஒரு பழைய ஆங்கில நாவல் வாங்கினேன். அந்த மண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே அப்போது ஒரு பக்கம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் புத்தகக் கடைகள் இருக்கும். கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஹிட்லர் புத்தகம்மா, எடுத்துக்கங்க, நல்லா இருக்கும்" என்றார்.

"அட்டை பாதி கிழிஞ்சிருக்கேண்ணே, அஞ்சு ரூபாய்க்குத் தாங்க."

"உள்ள ஒரு பக்கம் போகலம்மா" என்று அவர் எட்டு ரூபாயிலேயே நின்றார்.

லண்டன் லெஃப்ட் புக் கிளப்பின் 1940ஆம் வருடப் பதிப்பு அது. விக்டர் கோலான்ஸ் என்ற பதிப்பாளர் 1936இல் தொடங்கிய இடதுசாரி வாசகர் மன்றம். மாதாமாதம் சந்தாதாரர்களுக்கு ஒரு புத்தகம் போகும், பெரும்பாலும் அரசியலும் பொருளாதாரமும்தான். அவர்கள் நாவல் போட்டது அபூர்வம். யாருடைய பெட்டியில், எந்தக் கப்பலில் ஏறி இது மதுரைக்கு வந்ததோ. நாவலின் பெயர் 'ஸ்வஸ்திகா நைட்'. எழுதியவர் மர்ரே கான்ஸ்டன்டைன். முதலில் வெளிவந்தது 1937இல். அப்போது இரண்டாம் உலகப் போரே தொடங்கவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுதியில் இரண்டே இரவில் படித்து முடித்தேன்.

கதை எழுநூறு ஆண்டுகள் கழித்து நடக்கிறது. ஹிட்லர் ஜெயித்துவிட்டார். பாதி உலகம் ஜெர்மானியப் பேரரசிடம், மீதிப் பாதி ஜப்பானிடம். ஹிட்லர் இப்போது கடவுளின் மகன், எந்தப் பெண்ணுக்கும் பிறக்காதவர். கோயில்களில் அவர் ஏழடி உயரத்தில், பொன்னிறத் தாடியோடு நிற்கிறார். அவரை வணங்கும் மதத்தின் நூலையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் தவிர உலகத்தில் வேறு புத்தகமே இல்லை. பழைய வரலாறு முழுவதையும் திட்டம் போட்டு எரித்துவிட்டார்கள். யூதர்கள் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டார்கள், அவர்கள் இருந்த இடத்தில் கிறிஸ்தவர்கள் இழிமக்களாக ஒதுக்கப்பட்டு வாழ்கிறார்கள். மரண முகாம்களைப் பற்றி உலகம் அறிவதற்குப் பல வருடங்கள் முன்பு எழுதப்பட்ட வரிகள் இவை என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆல்ஃப்ரெட் என்ற ஆங்கிலேய விமான மெக்கானிக் ஜெர்மனியின் புனிதத் தலங்களுக்கு யாத்திரை வருகிறான். அங்கே வான் ஹெஸ் என்ற முதிய பிரபு அவனை நம்பி ஒரு ரகசியத்தைக் கொடுக்கிறார். நூல்களையெல்லாம் எரித்த காலத்தில் அவருடைய முன்னோர் ஒருவர் தன் நினைவில் இருந்த வரலாற்றையெல்லாம் கையால் எழுதி வைத்தார். அந்தச் சுவடி தலைமுறை தலைமுறையாகத் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. இவருடைய மகன்கள் மூவரும் இறந்துபோனதால் இனி கொடுக்க ஆள் இல்லை. சுவடியோடு ஒரு புகைப்படமும் இருக்கிறது, உண்மையான ஹிட்லரின் படம். ஆல்ஃப்ரெட் பார்க்கிறான்: குட்டையான, கறுத்த முடிக்காரர் ஒருவர். பக்கத்தில் அழகான ஒரு பையன், நீளமான பின்னலோடு, நிமிர்ந்து நிற்கிறான்.

அது பையன் இல்லை, ஒரு பெண். ஆல்ஃப்ரெட்டுக்கு அது புரியவில்லை. அவன் காலத்துப் பெண்களுக்குத் தலை மழிக்கப்பட்டிருக்கும். வேலியிட்ட வளாகத்துக்குள் கூனிக்குறுகி வாழ்வார்கள். ஆண் குழந்தை பெற்றால் பதினெட்டு மாதத்தில் அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஆன்மா கிடையாது என்பது அந்த மதத்தின் போதனை. தலைமுடியோடு, கூசாமல் நிற்கிற ஒரு பெண்ணை அவன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

அந்த வயதில் என் மனம் முழுக்கச் சுவடியின் மேல்தான் இருந்தது. வரலாற்றை எரித்துவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்பதைப் பற்றி விடுதித் தோழிகளிடம் ஒரு வாரம் பேசினேன். பெண்கள் வருகிற பக்கங்களைச் சீக்கிரமாகப் புரட்டினேன். அவற்றில் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன்: 'நல்ல எழுத்தாளர். ஆனால் ஆண் என்பதால் பெண்கள் மனது இவருக்குத் தெரியவில்லை.'

பல வருடங்கள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. மர்ரே கான்ஸ்டன்டைன் என்று ஒருவர் இல்லவே இல்லை. எழுதியவர் கேதரின் பர்டெகின், 1896இல் இங்கிலாந்தின் டார்பிஷயரில் பிறந்தவர். சகோதரர்களைப் போல ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க ஆசைப்பட்டார், பெற்றோர் அனுப்பவில்லை. பத்தொன்பது வயதில் திருமணம், ஆஸ்திரேலியா, இரண்டு பெண் குழந்தைகள். மண வாழ்க்கை நிலைக்கவில்லை. குழந்தைகளோடு இங்கிலாந்து திரும்பி கார்ன்வால் கடற்கரையில் தாய்வீட்டாரோடு வாழ்ந்தார். அவருடைய அக்கா ரொவீனா கேட் அங்கே கடலைப் பார்த்த பாறைச் சரிவில் மினாக் திறந்தவெளி அரங்கத்தை உருவாக்கியவர். அந்த அரங்கம் இன்றைக்கும் கூட்டத்தோடு இருக்கிறது. தங்கையின் பெயர் மட்டும் இந்த நாவல் வெளிவந்தபோது அதன் அட்டையில்கூட இல்லை. நாஜிகளை எதிர்த்து எழுதுவதால் குடும்பத்துக்கு ஆபத்து வரக் கூடாது என்று ஆண் பெயரை வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

1963இல் அவர் இறந்தபோதும் ரகசியம் உடையவில்லை. டாஃப்னே படாய் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் தேடிக் கண்டுபிடித்தார். ஆர்வெலின் '1984' வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே எரிக்கப்பட்ட வரலாறு, ரகசிய நூல், அதிகாரத்தின் உள்ளே இருந்துகொண்டு உண்மை பேசும் ஒருவர் என்று எழுதிவிட்ட இந்தப் பெண்மணியை ஆர்வெலோடு வைத்து ஒப்பிட்டும் எழுதினார். 1985இல் ஃபெமினிஸ்ட் பிரஸ் என்ற சிறு பதிப்பகம் நியூயார்க்கில் நாவலை மறுபதிப்பு செய்தது. நான் புதுமண்டபத்தில் பேரம் பேசியபோது அந்தப் பதிப்பு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு, போன மாதம், புதிய பதிப்பு ஒன்று வாங்கி மறுபடி படித்தேன். சுவடியைப் பற்றிய நீண்ட உரையாடல்கள் இப்போது கொஞ்சம் அலுப்புத் தட்டின, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு வேகமாகப் புரட்டிய பக்கங்களில்தான் இந்த முறை நின்றுவிட்டேன். பேரரசில் பெண் குழந்தைகள் பிறப்பது குறைந்துகொண்டே வருகிறது. பெண்ணே வேண்டாம் என்று தலைமுறைகளாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஒரு சமூகத்தில் பெண்களின் உடம்பே அதைக் கேட்டுவிட்டதுபோல. ஆட்சியாளர்களுக்கு விஷயம் தெரியும், வெளியே சொல்ல முடியாது. பெண் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் அவர்கள் கட்டிய மதமே சரிந்துவிடும்.

நான் இதை முதலில் படித்த மதுரையிலிருந்து உசிலம்பட்டி பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதை 1986இலேயே பத்திரிகைகள் எழுதி, நாடு முழுக்கப் பேச்சாகியிருந்தது. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஊர்த் தோழிகள் என் விடுதியிலேயே இருந்தார்கள். எரிந்துபோன ஐரோப்பிய நூல்களுக்காக அவர்களிடம் ஒரு வாரம் பேசிய நான் இந்தப் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கிலாந்து திரும்பிய ஆல்ஃப்ரெட் பெண்கள் வளாகத்துக்குப் போகிறான். அவனுக்கு உரியவளான எத்தெல் ஒரு பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். ஆண்கள் பெண் குழந்தையைத் தொடுகிற வழக்கமே இல்லை. இவன் தூக்கிக் கையில் வைத்துக்கொள்கிறான். எத்தெலுக்குப் பயத்தில் ஒன்றும் புரியவில்லை. இந்தக் குழந்தையை அவள் அவளாகவே வளரவிட்டால் என்னவாக வருவாள் என்று அவன் முதல்முறையாக யோசிக்கிறான். புகைப்படத்தில் நிமிர்ந்து நின்றவளைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவனுக்கு அந்த யோசனையே வந்திருக்காது. குழந்தை அழுகிறது. பால் கொடுக்க அவனால் முடியாது, தாயிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து எட்டு ரூபாய்ப் பிரதியை இறக்கிப் பிரித்தேன். என் பென்சில் குறிப்பு சரியாக இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. எழுத்து மங்கவேயில்லை.

தங்கை மகள் இந்த நாவலைப் படிக்கக் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பத்தொன்பது முடிந்து இருபது நடக்கிறது. எழுதியவரின் சொந்தப் பெயர் அட்டையில் இருக்கும் புதிய பதிப்பைக் கொடுப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். இப்போது பழையதையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். பென்சில் குறிப்பை அழிக்கவில்லை.