நடுவரில்லா ஆட்டத்தின் கனவான்கள்

1744இல் எடின்பரோவை ஒட்டிய லீத் திடலில் 13 விதிகளோடு எழுத்துவடிவம் பெற்ற கோல்ஃப், ஆடுபவரையே அவர் தவறுக்குச் சாட்சியாகவும் நீதிபதியாகவும் அமர்த்திய ஆட்டமாதலால், மனிதகுலத்தின்மீது அது வைத்த நம்பிக்கை வியப்புக்குரியது. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில், பிறர் எவரும் காணாதபோதும் பந்து அசைந்ததென்று தமக்குத் தாமே ஓரடியைத் தண்டனையாகக் கூட்டிக்கொண்ட பாபி ஜோன்ஸ், சமநிலையை முறிக்க நடந்த கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். வார இறுதி ஆட்டக்காரர் பலர் இதில் பின்பாதியை மட்டுமே பாடமாகக் கொண்டனர் போலும்.

தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடமே அனுமதியெனினும், இத்தகையோரின் பந்து அதற்குள்ளாகவே, முன்பு விழுந்ததைவிட நல்ல புல்தரையில் அகப்பட்டுவிடும். குழியருகே நிற்கும் பந்தை விழுந்ததாகவே கொள்ளலாமென எதிராளி விட்டுக்கொடுக்கும் ‘கிம்மி’, குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் ஆட்டத்துக்கே உரியது. இவர்களோ மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்திலும் அவ்வரத்தைத் தமக்குத் தாமே அருளிக்கொள்வர். அடுத்தவர் மட்டையை ஓங்கும் கணத்தில் மட்டும் வரும் இருமலுக்கு மருத்துவம் பெயரிடவில்லை.

ஒவ்வொரு குழி முடிந்ததும் எத்தனை அடி என்று உரக்கக் கேட்டு அட்டையில் குறிப்பதே இக்குறுக்குவழிகளுக்கு எளிய மருந்து. ஆனால் அவ்வாறு கேட்பவரே பண்பற்றவராகக் கருதப்படுவார். விதி தளர்வானதென்றும் சொல்வதற்கில்லை: 1968 மாஸ்டர்ஸ் போட்டியில், உடன் ஆடியவர் 17ஆம் குழிக்கு 3 என்பதை 4 எனப் பிழையாக எழுதியதைக் கவனியாது கையொப்பமிட்ட ரொபர்ட்டோ டி விசென்சோ, அடிக்காத அடிக்காக ஓரடியில் பின்தங்கினார்.