ஐ.டி. விங் தம்பி

கட்சி எது என்று கேட்காதீர்கள். கரை வேட்டியின் நிறம்தான் மாறும், ஆள் ஒருவரேதான். விசிட்டிங் கார்டில் ‘பகுதித் துணை அமைப்பாளர், தகவல் தொழில்நுட்ப அணி’. இரண்டு போனும் ஒரு பவர் பேங்கும் பையில் கனக்க, டீக்கடை பெஞ்சில் பிளக் பாயிண்டை ஒட்டிய இடம் அவருடையது. பேப்பரை உரக்கப் படித்துச் சண்டை போடும் பெரியவர்கள் மறுமுனையில் இருப்பார்கள். அவர்களோடு தம்பி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் முகம் தெரியாத, சிங்கப் படம் வைத்த ஒரு கணக்கோடு நள்ளிரவு தாண்டியும் மல்லுக்கு நிற்பார்.

வேலை காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். இன்று எந்த நிர்வாகிக்குப் பிறந்தநாள் என்று பார்த்து வாழ்த்துப் படம் செய்தாக வேண்டும். பிளெக்ஸ் பேனரில் இருபது அடிக்கு எல்லா முகங்களுக்கும் இடம் இருந்தது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் பேனர் விஷயத்தில் கடுமை காட்டிய பிறகு, அந்தக் கூட்டத்தில் பாதி ஆறங்குலத் திரைக்குக் குடிவந்துவிட்டது. மேலே வட்டத்துக்குள் மறைந்த தலைவர்கள், நடுவில் இன்றைய தலைவர், அவர் தோளை உரசிக்கொண்டு நாளைய தலைவர். மாவட்டம் பகுதியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், பகுதி வட்டத்தைவிட. பிறந்தநாள்காரர் எங்கே என்று தேடினால் கிடைப்பார். கீழ் ஓரத்தில் கைகூப்பி நிற்கும் தம்பியைத் தேடவே வேண்டாம். ஒருமுறை மாவட்டத்தின் தலை நூலளவு சிறுத்துவிட்டது. அதைக் கேன்வாவில் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆயிற்று. மாவட்டத்தைச் சரிசெய்ய ஒரு சால்வையும் ஒரு மாதமும் ஆயிற்று.

மாலையில் போர். “ஆறு மணிக்கு டேக் ரிலீஸ். அதுக்கு முன்னாடி யாரும் போடாதீங்க” என்று மேலிடக் குழுவில் உத்தரவு வரும். கூடவே எழுதித் தயாராக வைத்த ஐம்பது பதிவுகளும் வரும். தம்பி எடுப்பார், ஒட்டுவார், அடுத்தது. அவர் கணக்கில் ஒருநாள் தலைவரைப் போற்றும் பதிவின் கடைசி வரியாக ‘இதை அப்படியே போடாமல் ஓரிரு சொற்களை மாற்றிப் போடவும்’ என்றும் இருந்தது. அதற்கும் நாற்பது லைக். யாரும் படிப்பதில்லை என்பதுதான் இந்தப் போரில் உள்ள ஒரே பாதுகாப்பு.

பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஆளுக்கோ ஒரே குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று 2020-இல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டபோது தம்பி அசரவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எந்தப் பழைய செய்தியும் புதுசாகிவிடும் என்பது அவர் கண்டுபிடித்த ரசவாதம்.

அவரை உண்மையிலேயே திணறடித்தவர் ஒரே ஒருவர்தான். தலைமைக் கழகப் பேச்சாளராக ஊர் ஊராய்ச் சுற்றிய ஐயா. சோடாவை ஒரு மிடறு குடித்துவிட்டு ஆரம்பித்தால் மூன்று மணி நேரம் பேசக்கூடியவர். அவரை வைத்து ஒரு ரீல்ஸ் எடுக்க உத்தரவு.

“ஐயா, முப்பது செகண்ட்தான். ஸ்டார்ட்!”

“இந்த நிகழ்ச்சிக்குத் தலைமையேற்றிருக்கும் வட்டச் செயலாளர் ஆருயிர் இளவல் அவர்களே, முன்னிலை வகிக்கும் பகுதிச் செயலாளர் அவர்களே, வரவேற்புரை நல்கிய...”

மகளிரணி வருவதற்குள் நேரம் முடிந்தது.

“ஐயா, பேரெல்லாம் வேணாம்.”

“பேர் சொல்லலேன்னா கோவிச்சுப்பாங்கப்பா.”

“அதெல்லாம் டேக் பண்ணிடலாம்யா.”

ஐயா மைக்கைக் கழற்றி வைத்துவிட்டார். தம்பி விடவில்லை. தேர்தல் கூட்டத்துக்கு இரவு பத்தரைக்கு வந்து சேர்ந்த அண்ணா, சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று நாலே சொல்லை அடுக்கி ஓட்டுக் கேட்டதாக ஒரு கதை உண்டே, அதை எடுத்துவிட்டார். “அதுதாங்கய்யா ஃபர்ஸ்ட் ரீல்ஸ்!”

“அன்னிக்கு நேரமாயிடுச்சு, அதனால சுருக்கினாரு. உனக்கு என்னப்பா அவசரம்?”

தம்பிக்குப் பதில் வரவில்லை. ஐயாவுக்கு ஒரு வசதி இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டால் புள்ளிவிவரத்தை நிறுத்திவிட்டு எதிர்க்கட்சியைப் பற்றி ஒரு நக்கல் அடிப்பார். தம்பிக்குக் கொட்டாவி தெரியாது, வியூஸ்தான் தெரியும். அதில் பாதி அவருடைய அணியே மாற்றி மாற்றிப் பார்த்தது.

2024 ஜனவரியில் கலைஞர், செயற்கை நுண்ணறிவின் தயவில் திரையில் தோன்றி டி.ஆர். பாலுவின் தன்வரலாற்று நூலுக்கு வாழ்த்துச் சொன்னார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலில் ஓர் ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. இரண்டையும் பார்த்த தம்பிக்குக் கை பரபரத்தது. காலமான முன்னாள் வட்டச் செயலாளர் கவுன்சிலரை வாழ்த்துவதுபோல ஒரு வீடியோ தயார் செய்தார். செந்தமிழ் அருவியாய்க் கொட்டியது. அந்தச் செயலாளரின் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு இல்லப்பா இது. அந்த ஆளு கவுன்சிலரைத் திட்டாம ஒரு வாக்கியம் முடிச்சதில்ல.”

பிரச்சாரம் ஓயும் நேரம் நெருங்கியது. ஆள் பற்றாக்குறையில் தம்பி கையிலும் ஒரு கட்டு பூத் சிலிப்பைத் திணித்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து நடந்த தெருதான், ஆனால் ஒரு கதவையும் தட்டிப் பழக்கமில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி.

“யாருப்பா நீ?”

“தகவல் தொழில்நுட்ப அணி, பகுதித் துணை அமைப்பாளர்ம்மா.”

“அது கெடக்கட்டும். யாரு வூட்டுப் புள்ள?”

அப்பா பெயரைச் சொன்னார். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள். “அட, அவன் மவனா! தேங்கா மண்டி வச்சிருந்தானே! உள்ள வா, ஒரு வாய் மோர் குடி” என்று சொல்லிவிட்டு, சிலிப்பை வாங்கி எதிர்க்கட்சிக்காரன் கொடுத்துவிட்டுப் போன சிலிப்போடு சேர்த்து காலண்டர் ஆணியில் குத்தினாள்.