பிள்ளை காரணமில்லாமல் அழுகிறதா? விருத்தாசலத்துப் பெற்றோருக்கு ஒரு செயல்முறைக் கையேடு

முதலில் நல்ல செய்தி. பால் குடித்து, ஏப்பம் விட்டு, துணியும் மாற்றிய பிறகு, விளக்கு வைக்கிற நேரம் பார்த்து முகம் சிவக்க, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகிற பிள்ளை உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. 1954-ல் வெசல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு ஒரு கணக்கு வைத்தார்கள்: ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் தானே நின்றுவிடும். ஏன் வருகிறது என்று இன்றுவரை யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை.

அந்தத் 'தானே' என்ற சொல்லை இப்போதே அடித்துவிடுங்கள். தானே நின்றால் உங்களுக்கு என்ன பெருமை? அழுகை நிற்கிற நேரம் உங்கள் கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இந்தக் கையேடு முழுக்க அதற்குத்தான்.

1. காரணங்களைச் சேருங்கள்.
பழமலைநாதர் கோயிலில் கோபுரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து. ஆகவே நம்மூரில் ஐந்துக்குக் குறைந்து காரணம் சொன்னால் எடுபடாது. வாயு, உரம் என்கிற சுளுக்கு, கண்ணேறு, சூடு என்று நாலு கைவசம் இருக்கும். ஐந்தாவதாகத் தாய் சாப்பிட்ட ஏதோ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தாவதை விடவே கூடாது. இதற்கு மட்டும்தான் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். "நேத்து சாம்பார் ஊத்திக்கிட்டியா?" என்று ஆரம்பியுங்கள். நாளைக்குக் கத்திரிக்காய், மறுநாள் உருளைக்கிழங்கு. வாரக் கடைசிக்குள் அவள் தட்டில் சோறும் மிளகு ரசமும் மட்டும் மிஞ்ச வேண்டும். அவள் துவண்டு போனால் ஆறாவது காரணமும் தயார்: பால் பத்தவில்லை.

2. பார்க்க வேண்டியதைப் பார்க்காதீர்கள்.
செராமிக் பட்டறையில் வேலை பார்க்கிற மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். சூளையிலிருந்து இறக்கிய பீங்கானை விரலால் ஒரு தட்டுத் தட்டி, 'ணங்' என்று வராமல் 'டப்' என்று வந்தால் மயிரிழை விரிசல் என்று ஒதுக்கி வைக்கிற ஆள். அவரைப் பிள்ளை பக்கம் அண்டவிடாதீர்கள். அவர் துணியை அவிழ்ப்பார். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பார். சுண்டு விரலில் அம்மாவின் தலைமுடி ஒன்று சுற்றிக்கொண்டு, அதற்கு மேலே விரல் வீங்கிச் சிவந்திருப்பதைக் கண்டுபிடிப்பார். அல்லது அரைஞாண் கயிறு பதிந்திருப்பதை. அல்லது தூளிக்குள் ஒரு கட்டெறும்பை. ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்துபோகும். உரம் எடுக்க வந்த கிழவியை வெறுங்கையோடு அனுப்புவதா?

3. உரம் எடுங்கள்.
பிள்ளையைப் புடவையில் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டச் சொல்லுங்கள். அது திகைத்துப்போய் ஒரு நிமிடம் வாயை மூடும். அந்தத் திகைப்புக்குச் சுகம் என்று பெயர் வையுங்கள்.

4. உள்ளுக்குக் கொடுங்கள்.
வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் கல்லில் உரைத்துக் கொடுங்கள். அளவு வேண்டாம், கைதான் அளவு. இரண்டு பாட்டிமாரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் கொடுப்பது முக்கியம். வாந்தி எடுத்தால், "கெட்டதெல்லாம் வெளிய வருது" என்று சொல்லுங்கள். நடுவில் கிரைப் வாட்டர். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் இறக்கிய சரக்கு. பழைய சேர்மானத்தில் சாராயமும் இருந்தது. பிள்ளைகள் தூங்கியதில் அதிசயமில்லை. இப்போது சாராயத்தை எடுத்துவிட்டார்கள், நம்பிக்கையை யாரும் எடுக்கவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதியிருப்பார்கள். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டே பாலாடையை வாயில் வையுங்கள்.

5. நர்ஸம்மாவைப் பிடியுங்கள்.
பிறந்ததும் போடுவதற்கு அடுத்த தடுப்பூசியை ஆறாவது வாரத்தில் போடுகிறார்கள். அழுகை உச்சத்துக்குப் போவதும் ஆறாவது வாரம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? போன வாரமும்தானே அழுதது என்று யாராவது நினைவுபடுத்தினால், அவருக்குக் காபி கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

6. பிராது கட்டுங்கள்.
இவ்வளவு பக்கத்தில் இந்த வசதி மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. ஊரை ஒட்டிய மணவாளநல்லூரில் பலிபீட வடிவில் நிற்கிறார் கொளஞ்சியப்பர் சாமி. கொடுத்த கடன், களவு போன நகை, பங்காளித் தகராறு என்று ஜனங்கள் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். நீங்களும் எழுதுங்கள். மனுதாரர்: தகப்பன். எதிர்மனுதாரர்: மகன், வயது 45 நாள், விலாசம் மேற்படி. மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. நாற்பத்தைந்தோடு தொண்ணூறைக் கூட்டிப் பாருங்கள், நாலரை மாதம். தோற்கவே முடியாத வழக்கு.

7. ராத்திரியைத் தனியாகச் சமாளியுங்கள்.
டிவிஎஸ் எக்செல்லில் வைத்துப் பாலக்கரை வரை போய் வாருங்கள். ஓடுகிற வரைக்கும் தூங்கும். வாசலில் வண்டியை அணைத்ததும் மறுபடி ஆரம்பிக்கும், ஆகவே அணைக்காதீர்கள். "கொஞ்ச நேரம் என்கிட்ட குடுங்க, நீங்க படுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் கௌரவமாக மறுத்துவிடுங்கள். கோபம் தலைக்கேறினால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம் என்று டாக்டர் சொல்வார். அழவிட்டுவிட்டு நிற்பதா! தெரு என்ன சொல்லும்?

(இங்கே மட்டும் கேலியை நிறுத்துகிறேன். டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பிள்ளையைக் குலுக்காதீர்கள். அந்தக் கழுத்து தாங்காது, மூளையில் ரத்தம் கசியும். காய்ச்சல், பச்சை வாந்தி, பால் குடிக்க மறுப்பது, மலத்தில் ரத்தம் இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் எந்த மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சரி, தொடரலாம்.)

8. வெற்றியை அறிவியுங்கள்.
கவனமாகத் தேதி பார்க்க வேண்டிய கட்டம் இது. தலைப்பிள்ளை என்றால் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயையும் பிள்ளையையும் மாமியார் வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அழுகை ஓய்வதும் இந்த இடைவெளியில்தான். பெண் வீட்டார் ஐந்தாம் மாதம் என்று அடம்பிடியுங்கள். மூன்றாம் மாதக் கடைசியில் அனுப்பிவைத்தால், நீங்கள் கண்விழித்த ராத்திரிக்கெல்லாம் பலன் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேரும். "எங்க வீட்டு வாசப்படி மிதிச்சான், வாயே தொறக்கல" என்று சம்பந்தியம்மா ஊரெல்லாம் சொல்வார். மாப்பிள்ளை வீட்டார் ஜோசியரை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஒருநாள் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகும் வீடு சத்தமில்லாமல் இருக்கும். உடனே எல்லோரும் கூடுங்கள். ஒரு பாட்டி வசம்பைச் சொல்லட்டும், இன்னொரு பாட்டி வாசப்படியைச் சொல்லட்டும், தகப்பன் பிராதைச் சொல்லட்டும். நன்றாகச் சத்தம் போட்டே சொல்லுங்கள். பஞ்சாயத்து தீராவிட்டால், எந்த முறை பலித்தது என்று சரிபார்க்க ஒரே வழிதான் இருக்கிறது என்பார் தாத்தா. அவர் சொல்வது சரி. பிள்ளையை எழுப்புங்கள்.